கதவைப் பார்த்த கேமரா

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு நர்ஸ் வந்தார். ஊசி போடுவதற்கு இல்லை. என் மகள் தூங்கும் அறையைப் பார்ப்பதற்கு.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பிள்ளை தூங்குகிற இடத்தைப் பார்க்க அரசாங்கம் ஆள் அனுப்புமா என்று கேட்பீர்கள். அயர்லாந்தில் அனுப்பும். பிறந்த முதல் வாரம் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை, அதற்குப் பிறகும் உண்டு. எடை பார்ப்பார், தலையைச் சுற்றி நாடா வைத்து அளப்பார், பிறகு மிக மென்மையான குரலில் "அவள் தூங்கும் இடத்தைப் பார்க்கலாமா?" என்பார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. சொன்னால் அதையும் எழுதிக்கொள்வார்.

நான் தேனி மாவட்டத்துக்காரி. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று ஒருவர் வாசலில் நின்றால், அவர் உண்மையில் எதைப் பார்க்க வந்தார் என்று மூன்று நாள் யோசிக்கிற வளர்ப்பு. என் சித்தி வாழ்க்கைப்பட்ட பொட்டிப்புரத்தில், மலையைக் குடைந்து ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போவதாகப் பேச்சு வந்தபோது, ஒன்றும் பயப்பட வேண்டாம் என்று யாரோ வந்து விளக்கினார்களாம். "பயப்படாதன்னு சொன்ன பெறகுதான்டி எனக்குப் பயமே வந்துச்சு" என்பாள் சித்தி. அவள் பயந்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மென்மையான குரலைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொள்கிற அந்தக் குணம் மட்டும் எனக்கும் வந்துவிட்டது.

நர்ஸ் மீது எனக்கு இருந்த சந்தேகத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது கொஞ்சம் பழையது. என் பெயரில் இருந்து தொடங்க வேண்டும்.

2

என் பெயர் போதும்பொண்ணு. மூன்றாவது பெண். பெயரைப் பார்த்தாலே எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கதை புரிந்துவிடும். இங்கே ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு, "அழகான பெயர், என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். 'நிறைவு' என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. என் அம்மா மட்டும் என்னை ஒருநாளும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பொண்ணு' என்பாள், கோபம் வந்தால் 'ஏண்டி' என்பாள். முன்பாதியை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை.

நான் பிறந்தது வருசநாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில். மலை சுற்றி நிற்கும், ஒரு பக்கம்தான் வழி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சில வீடுகளில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் அது ஒரு வாரத்தைத் தாண்டாது. காய்ச்சல் என்பார்கள், பால் புரையேறிவிட்டது என்பார்கள். ஊர் அதற்கு மேல் கேட்காது. அதனால் கிராமத்து நர்சம்மா பெண் பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வாராவாரம் வந்தாராம். இதை எனக்குச் சொன்னது நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். "ஒங்க வீட்டுக்குத்தான் நர்சம்மா அடிக்கடி வந்து எண்ணிட்டுப் போவாகளாம். எங்காத்தா சொன்னுச்சு."

எண்ணிவிட்டு என்றால், நான் உயிரோடு இருக்கிறேனா என்று.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். மற்ற வீட்டுக்கு எப்போதாவது வந்தவர், எங்கள் வீட்டுக்கு ஏன் வாராவாரம் வந்தார்? என் அம்மா மீது அவ்வளவு சந்தேகமா? நெருப்பில்லாமல் புகையுமா? இதை நான் அம்மாவிடம் கேட்டதே இல்லை. அவள் எனக்குச் சோறு ஊட்டும்போதும், தலை பின்னிவிடும்போதும், என்னைக் காலேஜ் சேர்க்கக் காதில் கிடந்ததைக் கழற்றும்போதும் இந்தச் சந்தேகம் என் மனதில் ஒரு மூலையில் கிடந்தது. என்னை வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் இருந்ததா?

இப்போது அவள் என் பிரசவத்துக்காகக் காமயகவுண்டன்பட்டியில் இருந்து, அவள் பிறந்த ஊரில் இருந்து, வந்திருக்கிறாள். அப்பாவும் அவளும் சில வருடங்களாக அங்கேதான், மாமாவின் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். விசா தொண்ணூறு நாள். நர்ஸ் வந்த அன்று பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது.

3

அம்மா கொண்டுவந்த பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குத் தலை உருண்டையாக வர கடுகு அடைத்த சின்னத் தலையணை. போடியில் வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை. இரண்டு பழைய நூல்சேலை. வசம்பு வளையல். வெள்ளிக் கொலுசு, சலங்கை வைத்தது. விமான நிலையத்து அதிகாரி வசம்பை முகர்ந்து பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார். நல்ல காரியத்துக்குப் போகும்போது அதன் பெயரைச் சொல்லக் கூடாதல்லவா? "பேர் சொல்லாதது" என்று அம்மா தமிழில் பதில் சொன்னாளாம். மொழிபெயர்க்க ஆள் இருந்திருந்தால் இன்னும் அங்கேயே உட்கார வைத்திருப்பார்கள்.

என் கணவர் குமரேசன் ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டை வரி விடாமல் படிக்கிறவர். கம்பத்துக்காரர், மருந்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கால்கள் தொட்டில்கட்டிலின் கால்மாட்டைத் தொட வேண்டும். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். தலையணை கூடாது, பொம்மை கூடாது, கழுத்திலும் கையிலும் கயிறு கூடாது. மெத்தென்று இருப்பது முகத்தில் அழுந்தினால் பச்சைக்குழந்தைக்குத் திரும்பத் தெரியாது, மூச்சு நின்றுவிடும். இதை நானும் நம்புகிறேன். கையேட்டைச் சந்தேகப்பட்டு என் பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்ய நான் தயாராக இல்லை.

அம்மா அந்தக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ஒரு துணி இல்ல, ஒரு தலகாணி இல்ல. வெறுங் கட்டில்ல மல்லாக்கப் போட்டுட்டு இதுக்குப் பேரு பாதுகாப்பா? ஏன் மாப்ள, பொருட்காட்சியில வச்ச மாதிரில்ல இருக்கு!"

"டாக்டர் சொல்றத கேப்போம் அத்தை. கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் குமரேசன்.

"கேளுங்க, கேளுங்க. நான் வேணாங்கலயே."

அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. தலையணையை விட்டாள், மெத்தையை விட்டாள், வசம்பைக்கூட விட்டாள். கொலுசை மட்டும் விடவில்லை. நான் கழற்றி அலமாரியில் வைப்பேன். அரை மணி நேரத்தில் அது தாமரையின் காலில் இருக்கும். தாமரை என் மகள்.

அப்பா தினமும் வீடியோவில் வருவார். "ஏலே ஆத்தா, என் ராசாத்தி முழிச்சிருக்காளா?" என்று கேட்டு, பேத்தி கொட்டாவி விட்டால் அதற்கும் கைதட்டுவார். அந்த நேரத்தில் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே தவிர, வாய் திறக்க மாட்டாள்.

4

இரண்டாவது மாதம் ஒரு விசித்திரம் தொடங்கியது. தாமரையின் கட்டிலைப் பார்க்கிற மாதிரி குமரேசன் ஒரு கேமரா வாங்கி அலமாரி மேல் வைத்திருந்தார். அதன் சின்னத் திரை சமையலறையில் இருக்கும். காய் நறுக்கிக்கொண்டே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். ஒருநாள் திரையைப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் கட்டிலில் சமர்த்தாகத் தூங்குகிறாள். கேமரா கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

திருப்பி வைத்தேன். மறுநாளும் கதவைப் பார்த்தது. அதற்கு அடுத்த நாளும்.

எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? எவனோ எந்த நாட்டில் இருந்தோ கேமராவுக்குள் புகுந்து திருப்புகிறான் என்று நினைத்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். பிறகு அதன் மேல் ஒரு காலுறையை மாட்டினேன். அப்புறம்தான் அது கையால் திருப்புகிற மலிவு ரகம் என்பது நினைவுக்கு வந்தது. காலுறையைக் கழற்றினேன். உடனே சந்தேகம் குமரேசன் மேல் போனது. நான் அறைக்குள் எத்தனை தடவை போகிறேன், எத்தனை தடவை வருகிறேன் என்று கணக்கெடுக்கிறாரோ? அப்படிக் கணக்கெடுக்கக் காரணம் இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நர்ஸ் வருவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு மத்தியானம், தாமரை ஓயாமல் அழுதாள். பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், தோளில் போட்டு நடந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மா சமையலறையில் ஏதோ வேலையாக இருந்தாள். திடீரென்று என் கைக்குள் ஒரு வெறி ஏறியது. அந்தக் கை அடுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே ஓடினேன். கொல்லைப்புறத்தில் குப்பைத்தொட்டி பக்கத்தில், குளிரில், செருப்பில்லாமல் நின்றேன். திரும்பி வந்தபோது அம்மா தோளில் அவள் தூங்கியிருந்தாள்.

5

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்து காலணியைக் கழற்றி வைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நரைத்த குட்டை முடி. அம்மா அவருக்கு இஞ்சி தட்டிப்போட்ட டீயை நீட்டினாள். நர்ஸ் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, சாதாரணமாக, "ஹூ இஸ் மைண்டிங் ஹெர்?" என்று கேட்டார்.

நம் ஊர் ஆங்கிலத்தில் 'மைண்ட் பண்ணுவது' என்றால் என்ன? மனதில் வைத்துக்கொள்வது, ஆட்சேபிப்பது. இந்தப் பிள்ளை பிறந்ததில் யாருக்கு வருத்தம் என்றல்லவா கேட்கிறார்! பெண் பிள்ளை என்றதும் எங்கள் ஊர்க் கதை இதுவரை எட்டிவிட்டதா? நான் அவசரமாக, அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன்: "நோபடி! நோபடி மைண்ட்ஸ் ஹெர்!"

நர்ஸின் டீ பாதியில் நின்றது.

இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். யாருமே பார்த்துக்கொள்வதில்லை என்று நான் சத்தியம் செய்திருக்கிறேன். விளக்கிச் சொல்லிச் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அவரும் சிரித்தார். ஆனால் சிரித்தபடியே ஏதோ எழுதினார்.

அறைக்குள் போனோம். கதவை ஒட்டி, குறுக்காக, அம்மாவின் பாய் விரித்துக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். "இங்கே யார் படுப்பது?" என்றார். என் அம்மா என்றேன். "கதவருகிலா?" குளிருக்கு என்று உளறினேன். குளிர் வருவதே அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான்.

பிள்ளையின் உடுப்பைக் கழற்றியபோது முதுகில் இருக்கும் நீல மச்சத்தைப் பார்த்தார். பிறந்ததில் இருந்தே உண்டா என்று கேட்டு, புத்தகத்தில் ஒரு முதுகை வரைந்து, இடத்தைக் குறித்தார். அடிபட்டுக் கன்றியது என்று எழுதுகிறார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது பிறவி மச்சம் என்று இப்போதே எழுதிவைத்தால்தான் பின்னால் யாரும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்" என்றார். பயப்படாதே என்பதன் இன்னொரு வடிவமாகத்தான் அது என் காதில் விழுந்தது.

கொலுசைக் கட்டிலில் போடக் கூடாது என்றார். சலங்கை கழன்றால் வாய்க்குள் போய்விடும். நான் மொழிபெயர்த்தேன். அம்மா குனிந்து, கழற்றி, தன் முந்தியில் முடிந்துகொண்டாள்.

கடைசியாக என்னிடம் ஒரு தாள் கொடுத்தார். பத்துக் கேள்விகள். போன வாரம் முழுக்க மனம் எப்படி இருந்தது, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்று. எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' என்று ஒரே கோடாகக் குறித்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அறையை மட்டுமா பார்ப்பார்கள்? அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமான தாளை நான் பார்த்ததே இல்லை" என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்கும் தெரிந்தது.

வாசலில் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. "அடுத்த வாரமும் வாங்கம்மா" என்றாள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் நர்ஸ்.

"நன்றி சொல்கிறார்" என்றேன் நான்.

6

அவர் போனதும் நான் அம்மா மேல் பாய்ந்தேன். "ஏம்மா, நானே எப்படா போவாகன்னு இருக்கேன், நீ அடுத்த வாரம் வரச் சொல்றியே! இவங்க எதுக்கு வர்றாங்கன்னு உனக்குத் தெரியாதா? உனக்கா தெரியாது?"

கடைசிச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மா பிள்ளையின் அறையில் துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாம என்ன. ஒனக்கு நர்சம்மா வந்தாக. வாரம் ஒருக்கா வந்தாக. பஸ்ஸ விட்டு எறங்கி, ஆத்துப்பாலத்துல இருந்து வெயில்ல நடந்தே வருவாக. நாந்தான் வரச் சொன்னேன்."

"நீயா?"

"ஆஸ்பத்திரியில ஒன்னப் பெத்துப்போட்டுக் கெடக்கயில அவுக கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அம்மா, எட பாக்கேன், மாத்திர தாரேன்னு என்னத்தயாச்சும் சொல்லிக்கிட்டு வாரம் தவறாம வந்துருங்க. ஒங்க நோட்டுல எம்புள்ளய எழுதி வச்சுக்கங்க. கவர்மெண்டு நோட்டுல ஏறுன புள்ளய எவனும் தொட மாட்டான்னு."

கதவோரப் பாயில் உட்கார்ந்தேன்.

"யாருக்கும்மா பயந்த? அப்பத்தாவுக்கா?"

"எல்லாத்துக்குந்தான். கொலுசு எதுக்குன்னு நெனச்ச, அழகுக்கா? நான் கண்ணசந்த நேரம் யாரு ஒன்னத் தூக்குனாலும் சலங்க சத்தங் குடுத்துரும். நெலவாசல்ல தலய வச்சுப் படுத்துருவேன். என்னத் தாண்டாம எவனும் உள்ள வர முடியாது."

"அப்ப இந்தக் கேமராவ..."

"நாந்தான் திருப்புனேன். தொட்டில்ல என்னத்தடி பாக்குறது? புள்ள அங்கனதான கெடக்கும். வர்றது வாசவழியாத்தான வரும்."

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்பாவையுமா சந்தேகப்பட்ட?"

அம்மா ஒரு சின்னச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அவுக நல்ல மனுசந்தான். ஆனா நல்ல மனுசன் ஆத்தா பேச்சத் தட்ட மாட்டாகள்ல. அப்ப நம்பிக்கிட்டு உக்கார முடியுமா?" பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "எல்லாத்தையும்னா என்னையுஞ் சேத்துத்தான். ஒரு மத்தியானம் நீ கத்துற, கத்துற, கத்திக்கிட்டே கெடக்க. மூணாவதும் பொட்டப்புள்ளன்னு வெளிய ஒங்கப்பத்தா பேசுற பேச்சு காதுல விழுகுது. ஒரு நிமிசம் எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. ஒன்னப் பாயில போட்டுட்டு ஓடிப்போயி கெணத்தடியில உக்காந்துக்கிட்டேன். ஏங் கையி மேல எனக்கே நம்பிக்க இல்ல. மறுநா நர்சம்மா வர்ற நாளு. அவுகளுக்குப் பதில் சொல்லணும்ல, அதப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்துருந்தேன்."

முப்பது வருடமாக நான் கேட்காத கேள்விக்கு இதுதான் பதில். அவள் மேல் யாரும் சந்தேகப்பட்டு நர்ஸை அனுப்பவில்லை. அவளே, தன்னையும் சேர்த்து எல்லோரையும் சந்தேகப்பட்டு, வரவழைத்திருக்கிறாள். என்னை இத்தனை வருடம் அரித்த அந்த வாராவார வருகைதான் என்னை உயிரோடு வைத்திருந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவள் மடித்து வைத்த துணியை எடுத்து நானும் மடிக்கத் தொடங்கினேன்.

"அன்னைக்கு நீ காதப் பொத்திக்கிட்டுக் கதவச் சாத்திட்டு வெளிய ஓடுனியே" என்றாள் அம்மா. "அந்தச் சின்ன டிவியில பாத்தேன்."

"என்னையும் சந்தேகப்பட்டியாம்மா?"

"ஆமா. சந்தேகப்படாம எப்பிடிடி புள்ள வளக்குறது?" என்றாள். "நான் இன்னும் பன்னண்டு நாள்ல போயிருவேன், பொண்ணு. மாப்ள வேலக்கிப் போயிருவாக. இங்கன நீயும் அவளுந்தான். அதான் அந்தம்மாவ வரச் சொன்னேன்."

7

மூன்று நாள் யோசித்தேன். என் வழக்கம் அப்படி.

இதற்கிடையில் அம்மா கொலுசுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். கட்டிலில் கூடாது என்றுதானே சொன்னார்கள்? அறைக் கதவின் கைப்பிடியில் கட்டிவிட்டாள். இப்போது யார் உள்ளே போனாலும் ஜல் என்கிறது. குமரேசன் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கதவுக் கொலுசைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று அனுமதி கொடுத்தார். அன்று மாலை அவரிடமும் குப்பைத்தொட்டிக் கதையைச் சொன்னேன். அவர் என் செருப்பை எடுத்துக் கொல்லைக் கதவோரம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸுக்குப் போன் செய்தேன். ஆங்கிலத்தில் எழுதிவைத்துக்கொண்டு பேசினேன், இந்தமுறை உளறக் கூடாது என்று. அந்தத் தாளில் நான் குறித்ததெல்லாம் பொய் என்றேன். அந்த மத்தியானத்தைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கப் போகிறவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன்.

"பிள்ளையைக் கட்டிலில் பத்திரமாகப் போட்டுவிட்டு வெளியே போனாயே, அது சரியான காரியம்" என்றார். பிறகு, "ஹூ இஸ் மைண்டிங் யூ?" என்று கேட்டார்.

இந்தமுறை எனக்குப் புரிந்தது.

"என் அம்மா" என்றேன். "இன்னும் ஒன்பது நாள்."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதட்டும் என்று இருந்தது.

"அன்றைக்கு வாசலில் அம்மா நன்றி சொல்லவில்லை" என்றேன். "நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமும் வாருங்கள் என்றுதான் சொன்னாள்."